தூரம் ஒன்றுதான், நேரம் காற்றின் கையில்

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு இடையில் எங்கும் இறங்காமல் பறக்கிறது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். 2020 நவம்பரில் தொடங்கியபோது, உலகின் மிக நீளமான பயணிகள் விமானச் சேவை இதுதான். தூரம் சுமார் 15,300 கி.மீ.; பயண நேரம் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டி வரும்.

இந்தத் தூரத்தை நாமே கணக்கிடலாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் உள்ளன. கூட்டினால் 178. தீர்க்கரேகைப்படி பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கங்கள். எனவே, குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் 15,300 கி.மீ.யைத் தாண்டும்.

ஆனால், விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. பசிபிக் கடலுக்கு மேலாகச் சுற்றிப் போகிறது. காரணம், 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' காற்று. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 150 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால், தரைக் கணக்கில் வேகம் 1,050. எதிர்த்து வீசினால் 750 மட்டுமே. தொலைவு கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம் என்றால், சுற்றுவழியே லாபம். திரும்பும்போதும் அட்லான்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே பறந்து சிங்கப்பூர் சேரும் நாட்கள் உண்டு.

இத்தகைய நெடும்பயணங்களுக்கெனவே வடிவமைக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் கட்டுப்படுத்த 161 இருக்கைகள்தான். சாதாரண எகானமி வகுப்பே இல்லை.

டிக்கெட்டில் உள்ள மணிக்கணக்கு பலரைக் குழப்புகிறது. புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. கோடையில் திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கிலிருந்து புறப்பட்டால், 18 மணி 50 நிமிடம் பயணித்து, புதன் விடியற்காலை 4.50க்குச் சிங்கப்பூரில் இறங்கலாம். செவ்வாய்க்கிழமையின் பெரும்பகுதி வானத்திலேயே கழிந்துவிடும்.

இன்னொன்று: பயண நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், சேருமிடத்தில் போய் நிற்பது வரை எல்லாம் சேர்த்தே அட்டவணை போடுகிறார்கள். எதிர்காற்று பலமாக இருந்தால் பயண நேரம் இன்னும் நீளும். அதனால், நெடுந்தூரப் பயணத்தில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் கிலோமீட்டரை நம்பிக் கணக்குப் போடாமல், இடையில் தாராளமாக நேரம் விட்டு டிக்கெட் எடுப்பதே நல்லது.