எத்தனை அடிக் கோல்?

திண்டிவனம் பக்கத்துப் பட்டா ஒன்றில் நன்செய்ப் பரப்பு 0 - 53.50 என்று இருந்தால், அரை ஹெக்டேருக்குச் சற்று மேல், அதாவது ஐம்பத்து மூன்றரை ஏர்ஸ் என்று பொருள். பத்திரம் எழுதுபவர் அதை 1 ஏக்கர் 32 சென்ட் என்பார். நிலத்துக்காரரோ ‘ஒரு காணி’ என்று முடித்துவிடுவார்.

இந்தக் காணியின் கணக்கு கச்சிதமானது. 24 அடிக் கோலைச் சதுரமாகப் போட்டால் 576 சதுர அடி. அது ஒரு குழி. நூறு குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. பக்கத்துக்குப் பத்துக் கோல் வைத்தால் போதும், ஒரு காணிச் சதுரம் கிடைத்துவிடும். சென்னையின் 2,400 சதுர அடி கிரவுண்டும் இதற்குள் அடங்கும்: 24 கிரவுண்ட் ஒரு காணி.

தஞ்சாவூர்க் கோல் 12 அடி. கோல் பாதியானால் பரப்பு பாதியாகாது, காலாகிவிடும். அங்கே குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி, அதாவது 6.61 ஏக்கர். ஆக, ‘நூறு குழி’ திண்டிவனத்தில் 132 சென்ட், தஞ்சையில் 33 சென்ட்.

பழைய கல்வெட்டைப் படிக்கும்போதும் இதே சிக்கல்தான். விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரிக்கு 45 வேலி நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. இன்றைய வேலிக்கணக்கில் அது சுமார் 300 ஏக்கர். ஆனால் அன்றைய கோல் பத்தில் ஒரு பங்கு நீண்டிருந்தாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். சோழர் காலக் கல்வெட்டுகள் பல ‘பதினாறு சாண் கோல்’ என்று கோலையும் சேர்த்தே குறித்ததற்குக் காரணம் உண்டு.

சீனாவின் ‘மூ’ அளவும் இப்படி மாறி வந்ததுதான். ஒரு தப்படி அகலமும் நூறு தப்படி நீளமுமாக இருந்த துண்டு, பின்னர் 240 தப்படி நீளமானது. 20ஆம் நூற்றாண்டில் அதை மீட்டரோடு கட்டிப்போட்டார்கள்: 15 மூ ஒரு ஹெக்டேர். நம் காணி ஏறக்குறைய எட்டு மூ. அங்கே விவசாயி பேச்சும் அரசுக் கணக்கும் மிச்சமில்லாமல் பொருந்துகின்றன. நம் காணிக்கு அந்த முடிச்சு விழவில்லை, 0.535 ஹெக்டேர் என்று தசமத்தில் தொங்குகிறது.

எனவே நிலம் வாங்குவோர் பட்டாவில் உள்ள ஏர்ஸை 2.47ஆல் பெருக்கிச் சென்ட் ஆக்குங்கள். 132ஆல் வகுத்தால் காணி. யாராவது குழிக்கணக்கில் விலை சொன்னால், எத்தனை அடிக் கோல் என்று கேட்டுவிட்டு முன்பணத்தைக் கொடுங்கள்.