பாதி நேர வேலை; முழுச் சம்பளம்!
மந்த காலத்தில் ஒரு முதலாளி செய்த அதிசயம்

வியாபாரம் நன்றாக நடக்கும்போது எல்லோரும் சிரித்த முகத்துடன் இருக்கலாம். கல்லாப்பெட்டி காலியாக இருக்கும்போது மனம் தளராமல் இருப்பதுதான் கஷ்டம்.

அப்படி இருந்து காட்டியவர், ஜப்பான் நாட்டைச் சேர்ந்த கொனொசுகே மட்சுஷிடா. "நேஷனல்", "பானசோனிக்" என்ற பெயர்களில் உலகம் எங்கும் ரேடியோ, டெலிவிஷன் பெட்டிகளை விற்ற கம்பெனி, இவர் தொடங்கியதுதான்.

9 வயதில் வேலை

மட்சுஷிடா 1894-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை அரிசி வியாபாரத்தில் பந்தயம் கட்டுவது போல் பணத்தைப் போட்டு, சொத்தை இழந்தார். குடும்பம் வறுமையில் வாடியது.

9 வயதிலேயே மட்சுஷிடாவின் படிப்பு நின்றது. ஒசாகா நகரில் கணப்பு அடுப்பு விற்கும் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சைக்கிள் கடையில் வேலை. 15 வயதில் மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது.

அங்கு அவர் ஒரு புதுமாதிரி சாக்கெட் செய்தார். மேலதிகாரி அதை ஏற்கவில்லை. 1917-ல் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அடகுக் கடைக்குப் போன உடைகள்

கையில் இருந்த பணம் சுமார் 100 யென். (யென் என்பது ஜப்பான் நாணயம்.) குடியிருந்த சிறு வீடே தொழிற்சாலை. மனைவி முமேனோ, 14 வயது மைத்துனர், பழைய நண்பர்கள் இருவர். இவர்கள்தான் தொழிலாளர்கள்!

சாக்கெட்டுகள் தயாராயின. கடை கடையாக ஏறி இறங்கினார். 10 நாட்களில் விற்றது சுமார் 100 சாக்கெட்தான்!

நண்பர்கள் இருவரும் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். முமேனோ தன்னுடைய கிமோனோ உடைகளை அடகு வைத்து, அடுப்பு எரியச் செய்தார்.

அந்த நேரத்தில் ஓர் ஆர்டர் வந்தது. சாக்கெட்டுக்கு அல்ல. மின்சார விசிறியில் பொருத்தும் தகடு 1,000 வேண்டுமாம்! "இது நம் தொழில் இல்லையே" என்று அவர் தள்ளிவிடவில்லை. இரவு பகலாக உழைத்துச் செய்து கொடுத்தார். 80 யென் லாபம் கிடைத்தது. தொழில் பிழைத்தது. 1918-ல் பெரிய வீட்டுக்குத் தொழிலை மாற்றினார்.

எரியும் விளக்கே விளம்பரம்

1923-ல் சைக்கிளுக்கு பேட்டரி விளக்கு செய்தார். அந்தக் காலத்து பேட்டரி விளக்குகள் 2, 3 மணி நேரத்தில் அணைந்துவிடும். இவருடைய விளக்கு 30 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஆனால், மொத்த வியாபாரிகள் நம்பவில்லை. வாங்க மறுத்தார்கள்.

மட்சுஷிடா நேராக சைக்கிள் கடைகளுக்கு விளக்குகளை அனுப்பினார். ஒரு விளக்கை அங்கேயே ஏற்றி வைக்கச் சொன்னார். சொன்னபடி எரிந்தால் மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்றார்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைக்காரர்கள் வியந்தார்கள். ஆர்டர்கள் குவிந்தன!

பெரிய சோதனை

1929-ல் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. உலகம் எங்கும் வியாபாரம் படுத்தது. ஜப்பானிலும் பல தொழிற்சாலைகளில் ஆட்களைக் குறைத்தார்கள்.

மட்சுஷிடாவின் விற்பனை பாதிக்கும் கீழே போய்விட்டது. கிடங்கில் சரக்கு மலைபோல் தேங்கியது. அவரோ நோயுற்றுப் படுத்திருந்தார்.

நிர்வாகிகள் வந்தார்கள். தொழிலாளர்களில் பாதிப் பேரை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை என்றார்கள்.

மட்சுஷிடா யோசித்தார். பிறகு உத்தரவு போட்டார்.

உற்பத்தியை உடனே பாதியாகக் குறைக்க வேண்டும். தொழிற்சாலையில் அரை நாள் வேலை போதும். ஆனால், ஒருவரைக்கூட நீக்கக் கூடாது. சம்பளத்திலும் காசு குறையக் கூடாது. அதற்குப் பதிலாக, எல்லோரும் விடுமுறையைப் பாராமல் தேங்கிய சரக்கை விற்க வேண்டும்!

தொழிலாளர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். இயந்திரம் ஓட்டியவர்களும் சரக்கைச் சுமந்துகொண்டு விற்கப் புறப்பட்டார்கள். இரண்டே மாதத்தில், 1930 பிப்ரவரியில், கிடங்கு காலி! தொழிற்சாலை மீண்டும் முழு நேரம் ஓடியது.

கணக்கு தெரிந்த தைரியம்

இது வெறும் தர்மம் அல்ல. அதில் கணக்கும் இருந்தது. அரை நாள் சம்பளம் சில மாத நஷ்டம்தான். பழகிய தொழிலாளி போய்விட்டால், அந்த நஷ்டம் லேசில் தீராது. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவனால் மனம் வைத்து விற்கவும் முடியாது.

மட்சுஷிடா 1989-ல், 94-வது வயதில் காலமானார்.

சிறு கடை நடத்துகிறவர்களுக்கும் அவர் வாழ்க்கை ஒரு பாடம். தைரியமாக இருப்பது என்றால், "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பது அல்ல. தேங்கிய சரக்கை விற்க வேண்டும். வந்த சிறு வேலையை ஏற்க வேண்டும். கூட உழைப்பவர்களைக் கைவிடாமல் இருக்க வேண்டும். அதுதான் உண்மையான தைரியம்!