சிறு பலகைக் கணினிகளில் பெருஞ் சேமிப்பு

ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களின் பழைய புகைப்படங்களும், திருமண அழைப்பிதழ்களும், சங்கத்து ஆண்டுமலர்களும் இன்று பெரும்பாலும் கணினிக் கோப்புகளாகவே உள்ளன. அவையனைத்தும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்து, அது ஒருநாள் பழுதுபட்டால், மீண்டும் பெறுவதற்கு வழியில்லை. ஆகவே, ஒவ்வொரு கோப்பையும் பல சிறு கணினிகளில் பிரதி வைத்துக் காக்கும் முறையை அன்பர்கள் சிலர் விரும்புகின்றனர். அதற்குரிய கருவியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை ஈண்டுக் கூறுவோம்.

உள்ளங்கையளவே உள்ள ஒற்றைப் பலகைக் கணினிகள் இதற்குப் பயன்படுகின்றன. 2012-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ராஸ்பெர்ரி பை இவ்வகையில் பெயர் பெற்றது. இவற்றின் முதற் சிறப்பு மின்சாரச் சிக்கனம். 5 வாட் கொள்ளும் பலகை இரவும் பகலும் ஓடினால் 30 நாளில் 3.6 யூனிட் ஆகும். மூன்று பலகைகளுக்கு 10.8 யூனிட். 60 வாட் கொள்ளும் பழைய மேசைக் கணினி ஒன்றுக்கோ 43.2 யூனிட் வேண்டும். டிஸ்க்குகளின் செலவு தனி.

ஆயினும், வாங்குவோர் பலர் பிராசசரின் வேகத்தை மட்டுமே விசாரிக்கின்றனர். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு டிஸ்க் கெட்டுப்போனால், புதிய டிஸ்க்கில் மறுபிரதி எடுத்து முடிக்க எத்தனை நேரமாகும்? அந்த நேரம் முழுவதும் நம் உடைமை குறைந்த பிரதிகளோடு நிற்கிறது. அதற்குள் மற்றொன்றும் கெடலாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 100 மெகாபிட் ஈதர்நெட் உள்ள பலகை விநாடிக்கு 12.5 எம்.பி.க்கு மேல் அனுப்பாது. 1 டி.பி. அளவுள்ள கோப்புகளை நகலெடுக்க 80,000 விநாடி, அதாவது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜிகாபிட் ஈதர்நெட்டில் விநாடிக்கு 110 எம்.பி. கிடைத்தால் இரண்டரை மணியில் முடியும்.

பெட்டியில் ஜிகாபிட் என்று அச்சிட்டிருப்பதும் போதாது. 2018-இல் வந்த ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ்ஸில் ஈதர்நெட்டும் டிஸ்க்கும் ஒரே யூ.எஸ்.பி. 2.0 வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒற்றைத் தண்டவாளத்தில் இருதிசை வண்டிகளையும் விடுவது போன்றது இது. ஒன்று செல்ல மற்றொன்று காத்திருக்க வேண்டும். 2019-இல் வந்த பை 4-இல் ஈதர்நெட்டுக்குத் தனிவழியும், டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி. 3.0-வும் உண்டு. 2020-இல் வந்த ஓட்ராய்டு எச்.சி.4 பலகையிலோ இரண்டு சாட்டா டிஸ்க்குகளை நேரே செருகலாம்.

அடுத்தது நினைவகம். செஃப் என்னும் புகழ்பெற்ற சேமிப்பு மென்பொருள் டிஸ்க் ஒன்றுக்கு 4 ஜி.பி. நினைவகத்தை இலக்காகக் கொள்வது. 1 ஜி.பி. பலகையில் அதனை ஏற்றுவது, ஒருவர் தூக்கும் மூட்டையைக் குழந்தை தலையில் வைப்பதாகும். கராஜ் போன்ற எளிய மென்பொருளோ சிறு கணினிகளுக்கென்றே அமைந்தது. மென்பொருளை முதலில் முடிவு செய்து, பிறகு பலகையை வாங்குவதே முறை.

மின்னூட்டத்திலும் கவனம் வேண்டும். பை 4-இன் யூ.எஸ்.பி. வாயில்கள் அனைத்தும் சேர்ந்து 1.2 ஆம்பியரே தரும். இரண்டு டிஸ்க்குகள் ஒருங்கே சுழலத் தொடங்கினால் அது போதாமற்போய்த் தொடர்பு அறுபடலாம். டிஸ்க்குக்குத் தனி மின்னூட்டம் தருவது நலம். சதா எழுதும் வேலையை மெமரி கார்டில் விடலாகாது. அது விரைவில் தேய்ந்துவிடும்.

பலகைகள் மூன்றாயினும் இருத்தல் வேண்டும். இரண்டே இருந்து, இடையே தொடர்பு அறுந்தால், எவரிடம் உள்ளது சரியான பிரதி என்று தீர்ப்பளிக்க ஆளிராது. மூன்றில் இருவர் ஒத்தால் பெரும்பான்மை கிடைக்கும்.

இறுதியாக ஒன்று. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், மூன்று பலகைகளும் அதைக் கீழ்ப்படிந்து அழித்துவிடும். ஆதலின் மாதம் ஒருமுறை தனி டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி, வேறொரு தெருவிலுள்ள உறவினர் வீட்டில் வைத்தல் வேண்டும். இதற்காகும் செலவு சிறிது. இதனால் காக்கப்படுவதோ மறுபடி எடுக்க முடியாத தாத்தா பாட்டியின் படம். அன்பர்கள் சிந்தித்து ஆவன செய்வார்களாக.