கல்லூரிக் கட்டுரையும் சொந்த ஊரும்: லாபிஸை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

உயர்கல்விக் கூடங்களில் பயிலும் தமிழ் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இடுபணிக் கட்டுரைகளை எழுதுகின்றனர். இறுதியாண்டில் ஆய்வேடு படைக்கின்றனர். அவற்றுள் பல, பிறர் நூல்களில் உள்ள செய்திகளைத் தொகுத்துத் தருவதோடு நின்றுவிடுகின்றன. இதற்கு மொழிப்பிழை முதற்காரணம் அன்று. வினா ஒன்று இல்லாமலேயே எழுதத் தொடங்குவதுதான் காரணம் என நாம் கருதுகின்றோம். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் அமைந்துள்ள லாபிஸ் என்னும் சிறுநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

தலைப்பும் வினாவும்

லாபிஸைச் சேர்ந்த மாணவர் ஒருவர் 'மலேசிய இந்தியர் வரலாறு' என்னும் தலைப்பில் எழுதுவதாகக் கொள்வோம். கெர்னியல் சிங் சாந்து 1969-இலும், சி. அரசரத்தினம் 1970-இலும் வெளியிட்ட பெருநூல்கள் இப்பொருளை விரிவாக ஆராய்ந்துள்ளன. இருபது பக்கக் கட்டுரையில் அவற்றைச் சுருக்கலாமேயன்றி அவற்றுக்கு மேல் ஒன்றும் சொல்ல இயலாது. 'லாபிஸ் தமிழர்' எனக் குறுக்கினும் அது பொருளின் பெயரேயன்றி வினா ஆகாது. 'தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் தோட்டக் கோயில் திருவிழாவை எவ்வாறு தொடர்கின்றன?' என்பது வினா. அதன் விடை எழுதுவோருக்கு முன்னரே தெரியாது, தேடினால் கிடைக்கும், எதிர்பார்ப்புக்கு மாறாகவும் அமையலாம். நல்ல வினாவுக்கு இம்மூன்றும் அடையாளங்கள் எனலாம்.

நூற்சான்றைச் சோதித்தல்

நூலில் உள்ளது என்பதனாலேயே ஒரு செய்தி நம் ஊருக்குப் பொருந்திவிடாது. தோட்டப் பள்ளிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தைச் சுட்டுவர். அச்சட்டம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவை அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களுக்கு உரியது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். அதற்குத் தனிச் சட்டங்கள் இருந்தன. ஆகவே, லாபிஸ் தோட்டப் பள்ளியை ஆராய்பவர் ஜொகூர் ஆவணங்களையே நாட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமையால் கட்டுரையின் அடித்தளமே பிழையாகிவிடக்கூடும்.

காலத்தையும் இவ்வாறே ஒப்பிட வேண்டும். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில்பாதை 1909-இல் நிறைவுற்றது. லாபிஸ் அப்பாதையில் அமைந்த நிலையங்களுள் ஒன்று. பயிற்சியற்ற தொழிலாளர் உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தது. தம் பாட்டனார் 1950-ஆம் ஆண்டளவில் கங்காணி வழியாக வந்தார் என ஒருவர் கூறுவாராயின், அக்கூற்றை எள்ளாமலும் அப்படியே ஏற்காமலும், ஆண்டு பிழையா, வந்த வழி வேறா என ஆராய்தல் வேண்டும்.

தேசிய ஆவணக் காப்பகத்தோடு பழைய நாளிதழ்களும் துணைசெய்யும். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. எனினும் அதன் பழைய இதழ்கள் ஆய்வாளருக்குச் சான்றுகளாகும். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்வடிவில் தந்துள்ளது.

வாய்மொழிச் சான்று

ஏடுகளில் இடம்பெறாத செய்திகள் முதியோர் நினைவில் உள்ளன. சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர் கொண்டு செல்லப்பட்ட காலம் சப்பானியர் ஆட்சிக்காலம். அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அடுத்த பருவ விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிவைக்கும் நேர்காணல் நடைபெறாமலேயே போகலாம். அவர் மறைந்தால் அச்சான்றும் மறையும்.

நேர்காணலுக்கு முன் ஒப்புதல் பெற வேண்டும். நாள், இடம், பேசியவரின் வயது, அவர் செய்த தொழில் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். 'அக்காலம் துன்பமாக இருந்ததா?' என வினவினால் 'ஆம்' என்பதே விடையாகும். 'காலைப் பெரட்டுக்குப் பின் என்ன செய்தீர்கள்?' என வினவினால் ஒருநாள் வாழ்க்கையே விடையாகக் கிடைக்கும். அவர் 'ஒத்தமரம்', 'பால் மரம்', 'தண்டல்' எனக் கூறும் சொற்களை மாற்றாமல் எழுதி, பொருளை அடுத்து விளக்குதல் நன்று.

அமைப்பும் நேர்மையும்

ஒரு பத்திக்கு ஒரு கருத்து. அக்கருத்துக்கு ஒரு சான்று. சான்றிலிருந்து பெறும் முடிவு என அமைத்தால் கட்டுரை தெளிவு பெறும். முடிவுக்கு மாறான சான்று கிடைப்பின் அதனை மறைத்தல் கூடாது. அதுவே சில வேளைகளில் கட்டுரையின் சிறந்த பகுதியாகும். பிறர் கருத்தை எடுத்தாளும்போது அவர் பெயரைச் சுட்டுதல் கடமை. மலாய் நூலையோ ஆங்கில நூலையோ தமிழில் பெயர்த்து எழுதிவிட்டால் அது நம் கருத்தாகிவிடாது. இக்காலத்தில் கணினியே நொடிப்பொழுதில் கட்டுரை எழுதித் தருகின்றது. ஆயின், ஒருவரும் பதிவுசெய்யாத லாபிஸ் முதியவரின் நினைவை அது தர இயலாது.

முடிவுரை

தோட்டத் துண்டாடல் நாட்டை உலுக்கிய வேளையில், 1951 முதல் 1960 வரையிலான அதன் போக்கை உங்கு அசிஸ் தலைமையிலான குழு ஆராய்ந்து பதிவு செய்தது. அவ்வாய்வு இல்லையேல் அக்காலத்தைப் பற்றி நாம் அறிவன மிகச் சிலவாகவே இருந்திருக்கும். மாணவர் கட்டுரை அத்துணைப் பெரியதாக இருத்தல் வேண்டா. ஒரு தோட்டம், ஒரு கோயில், ஒரு குடும்பம் பற்றி உண்மையான செய்தி ஒன்றைப் புதிதாகச் சொன்னாலே போதும். மதிப்பெண் அப்பருவத்தோடு முடியும். அப்பதிவோ பின்வரும் ஆய்வாளர் அனைவருக்கும் பயன்படும்.