காவலர் வேலையைக் கெடுக்கும் ‘சின்ன கேஸ்’

1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி, கயிறு ஏறி, எழுத்துத் தேர்விலும் தேறிய பையன் கடைசிக் கட்டத்தில் வெளியே தள்ளப்படுகிறான். காரணம், என்றோ திருவிழாத் தகராறில் விழுந்த ஒரு வழக்கு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் இது வாடிக்கையாகிவிட்டது.

தேர்வானவர்கள் சரிபார்ப்புப் படிவத்தில் தங்கள்மீது வழக்கு உண்டா என்று எழுதித் தர வேண்டும். “சின்ன கேஸ்தானே தம்பி, எழுதாதே” என்பார்கள். எழுதுங்கள். படிவம் விசாரணைக்கு வருவதே உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குத்தான். உண்மையைச் சொன்னால் வேலை உறுதி என்பதல்ல. ஆனால் மறைத்தால், அந்த மறைப்பே நிராகரிக்கத் தனிக் காரணமாகிவிடும். தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவதார் சிங் வழக்கில் 2016லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். பெட்டி கேஸில் ‘ஃபைன்’ கட்டினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை. அடுத்தது, புகார் கொடுத்தவரைப் பிறழ்சாட்சி ஆக்கி விடுதலை வாங்குவது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)யின்படி, அப்படியோ சந்தேகத்தின் பலனாலோ விடுதலையானவர் ‘வழக்கில் சம்பந்தப்பட்டவர்’தான்.

விண்ணப்பிக்கும் முன்பே செய்யுங்கள்:

1. இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைத் தேடுங்கள். காவல் துறை இணையச் சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆரைப் பாருங்கள்.

2. நிலையத்தில் “நாளைக்கு வா” என்று அலைக்கழித்தால் நின்று கெஞ்ச வேண்டாம். மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.

3. முடிந்த வழக்கானால், நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ‘விடுதலை’ என்ற சொல்லோடு நிறுத்தாமல், எதனால் விடுதலை என்று படியுங்கள்.

4. நிலுவையில் இருந்தால், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 528இன்கீழ் மனு போட முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கில் பிறகு கௌரவமான விடுதலை கிடைத்தாலும், விதிப்படி அடுத்த தேர்வில்தான் உரிமை கோரலாம்.

18 வயதுக்கு முந்தைய சம்பவமானால், இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 24இன் பாதுகாப்பைப் பற்றியும் கேளுங்கள்.

பணம் கொடுத்தால் ‘என்கொயரியைச் சரிக்கட்டலாம்’ என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: வழக்கை மறைக்காதீர்கள்.