பார்த்தியாவிலிருந்து வந்த பயில்வான்

"பெரிய பயில்வான்னு நெனப்பு!" அனந்தபுரம் கடைத்தெருவிலோ செஞ்சி பேருந்து நிலையத்திலோ, சண்டைக்கு எகிறும் நோஞ்சானைப் பார்த்து இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்கும். 'பயில்' என்ற வினையில் பிறந்த தமிழ்ச்சொல் என்றுதான் தோன்றும். இலக்கணமும் தடுக்காது. செய்வான், வருவான் போல அது வினைமுற்றாகவும் நிற்கும், வினையாலணையும் பெயராக ஆளையும் குறிக்கும்.

ஆனாலும் சொல்லின் பூர்வீகம் ஈரான். கி.மு. 247 முதல் கி.பி. 224 வரை அங்கே ஆண்ட பார்த்தியரின் பெயரான 'பஹ்லவ்' வழியே வந்தது 'பஹ்லவான்'. பார்த்தியன் என்பது வீரன் என்றாகி, பிறகு மல்லனையும் குறித்தது. பிர்தௌசியின் ஷாநாமாவில் வரும் ருஸ்தம் அப்படியொரு பஹ்லவான். ஈரானின் 'ஸூர்கானே' கூடங்களில் இன்றும் மேளத்துக்கு ஏற்ப மரக்கட்டைகளைச் சுழற்றுகிறார்கள். நம் கர்லாக்கட்டை தெரிந்தவர்களுக்கு அது அந்நியமாக இராது. 2010-ல் யுனெஸ்கோ அந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது.

பாரசீகத்திலிருந்து உருதுவுக்குப் போய் 'பஹல்வான்' ஆனது. மராத்தியில் ஹகரம் உதிர்ந்து 'பைல்வான்'. தமிழ் வடிவத்துக்கு இதுவே நெருக்கம். செஞ்சிக் கோட்டை 1649-ல் பீஜப்பூரிடமும், 1677-ல் சிவாஜியிடமும், 1698-ல் முகலாயரிடமும் கைமாறியது. இந்த மூன்று படைகளிலும் புழங்கிய சொல் அது. ஆனாலும் தமிழகம் முழுக்க வழங்கும் சொல்லை ஒரு கோட்டையின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. குஸ்தியும், அதைச் சொல்லிக்கொடுக்கும் வஸ்தாதும்கூடப் பாரசீக வரவுகளே.

அதற்காக நம்மிடம் மற்போர் இல்லாமலில்லை. புறநானூற்றின் 80-ஆம் பாட்டில், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு காலை மார்பில் ஊன்றி, மறுகாலால் எதிராளியின் உத்திகளைத் தடுத்து முதுகை வளைக்கும் அந்தப் பிடியை, பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும்.

'மாமல்லன்' என்பது பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டம். செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் பல்லவர் குடைவரை இருக்கிறது. பல்லவர் என்பது பஹ்லவரின் திரிபே என்று முன்பு சில வரலாற்றாசிரியர்கள் வாதாடினார்கள். அது மெய்யாகியிருந்தால் பல்லவனும் பயில்வானும் ஒரே சொல்லின் பிள்ளைகள். அறிஞர்கள் பெரும்பாலோர் அந்தக் கருத்தை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள்.