லொறெயின் ஹான்ஸ்பெரியின் நாடகத்தில் வீடும் தாயும்

அமெரிக்க நாடகாசிரியை லொறெயின் ஹான்ஸ்பெரியின் ‘எ றெய்சின் இன் த சன்’ என்னும் நாடகம் 1959ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி நியூயோர்க் நகரின் பிறோட்வேயில் மேடையேறிற்று. கறுப்பினப் பெண்ணொருவரின் நாடகம் அவ்வரங்கையடைந்தது அதுவே முதன்முறை. ‘வெயிலில் ஒரு முந்திரிகை வற்றல்’ எனப் பொருள்படும் அப்பெயர் லாங்ஸ்ரன் ஹியூஸின் கவிதையொன்றினின்று பெறப்பட்டது. இதனை இனப்பிரச்சினை நாடகமென்று கூறியமைவார் பலர். அது பிழையன்று, ஆயினும் கதையை நடத்திச் செல்வது வீட்டுப் பிரச்சினையே.

சிக்காகோவின் தென்பகுதியில் யங்கர் குடும்பத்தினர் ஐவர் ஒடுங்கிய வாடகை வீடொன்றில் வாழ்கின்றனர். பேரனுக்குப் படுக்கை கூடத்திலுள்ள இருக்கையே. குளியலறையோ அயல்வீட்டாருக்கும் பொது. இந்நெருக்கடி வறுமையால் மட்டும் விளைந்ததன்று. கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதுமில்லையென வெள்ளையர் தம்முள் எழுதிக்கொண்ட உறுதிகள் அந்நகரின் பல பகுதிகளை அடைத்துவைத்தன. தென்மாநிலங்களினின்று வந்தோர் குறுகிய வட்டாரமொன்றினுள் நெருக்குண்டனர். வீடு அருகவே வாடகை ஏறிற்று. பெரிய வீடுகள் சிற்றறைகளாகத் துண்டாடப்பட்டன.

கணவன் இறந்தபின் வந்த காப்புறுதிப் பணம் 10,000 டொலரில் 3,500ஐ முற்பணமாகக் கட்டி, வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்குகின்றாள் தாய் லீனா. போராட்டம் நிகழ்த்தும் நோக்கம் அவளுக்கில்லை. கறுப்பினத்தவர்க்கெனப் புறநகரிற் கட்டிய வீடுகள் இருமடங்கு விலையாதலின், கைப்பணத்துக்குக் கிடைத்த நல்ல வீட்டையே அவள் வாங்கினாள். எஞ்சியதை மகன் வால்ரரிடம் ஒப்படைக்கின்றாள். அவனோ தங்கையின் மருத்துவப் படிப்புக்குரிய 3,000 டொலரையும் சேர்த்து இழந்துவிடுகின்றான்.

இதுகொண்டு லீனாவை ஏமாளியென்பது பொருந்தாது. எவரையுங் கேளாது வீட்டை வாங்கியதால் மகனின் மனம் ஒடிந்ததை அவள் கண்டாள். பணத்தைக் கொடுத்தது அதற்குச் செய்த பரிகாரம். இறுதியில், வீட்டை இலாபத்துடன் திருப்பிப் பெற வெள்ளையர் சங்கத்தின் பிரதிநிதி வரும்போது, வால்ரர் இணங்கவிருக்கின்றான். லீனா அவனைத் தடுத்திலள். பேரனை வெளியே போகவிடாது அருகில் நிறுத்துகின்றாள், அவ்வளவே. மகன் பார்த்து நிற்கத் தந்தையால் அப்பேரத்தைப் பேச முடியவில்லை. நாடகத்தின் உயிர்நிலை இதுவென்பது எம் கருத்து.

ஆசிரியை இதனைக் கேள்வியறிவால் எழுதவில்லை. அவர் தந்தை 1937இல் அத்தகைய பகுதியொன்றில் வீடு வாங்கி, உயர்நீதிமன்றம் வரை வழக்காடி 1940இல் வென்றார். ஆனால் அத்தீர்ப்பு நடைமுறைக் காரணம்பற்றியதே. அவ்வுறுதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதென்ற தீர்ப்பு 1948இலேயே வந்தது. தந்தை வழக்கிற்காக வெளியூர் சென்றிருந்த நாள்களில் தாய் இரவெல்லாம் கைத்துப்பாக்கியுடன் வீட்டைக் காத்து நின்றதை ஹான்ஸ்பெரி கடிதமொன்றிற் குறித்துள்ளார்.

குடும்பம் புதுமனை புறப்படுவதால் இது இன்பமுடிவென்றனர் சிலர். கறுப்பினத்தார் வீடொன்றிற்குக் குண்டெறியப்பட்ட செய்தியை அயலவளொருத்தி கொண்டுவருங் காட்சி முதலரங்கேற்றத்தில் நீக்கப்பட்டிருந்தமை அவ்வெண்ணத்துக்கு இடமளித்ததுபோலும். பிற்காலப் பதிப்புகளில் அக்காட்சி உண்டு. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனவேற்றுமை காட்டுதலைத் தடுக்குங் கூட்டரசுச் சட்டம் 1968இல் நிறைவேறிற்று. ஹான்ஸ்பெரி 1965இல், தமது 34ஆம் வயதிலேயே, காலமாகியிருந்தார்.